சீட்டு முந்தியா, ஏடு முந்தியா?

நம் சங்க அலுவலகத்து இரும்பு பீரோவில் ஒரு பழுப்பு நிறக் கவர் இருக்கிறது. உள்ளே 2,400 ரூபாய். கவரின் மேல் "14.7.2024, நான்கு பேர்" என்று பொருளாளரின் கையெழுத்து. எந்த நான்கு பேர் என்று பொருளாளருக்கும் தெரியாது, செயற்குழுவுக்கும் தெரியாது. பணம் இருக்கிறது, பெயர் இல்லை.

வரப்போகும் பொதுக்குழுவில் பெரிய யு.பி.எஸ். ஒன்று வாங்குவதென்று தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள். வாங்கட்டும், நானும் கை தூக்கத்தான் போகிறேன். ஆனால் அதை வாங்கிவிட்டால் இந்த மாதிரி இன்னொரு கவர் பீரோவுக்கு வராது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இதைக் கூட்டத்தில் மூன்று நிமிஷத்தில் சொல்லி முடிக்க என்னால் ஆகாது. ஆகவே ஆசிரியரிடம் கேட்டு இந்தப் பக்கங்களை வாங்கியிருக்கிறேன்.

நடந்ததை முழுவதும் அறியாதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. குடும்ப நிவாரண நிதிக்கு ஆண்டுச் சந்தா கட்டும் நாள். ஆளுக்கு 600 ரூபாய். கட்டிய உறுப்பினர் அந்த ஆண்டுக்குள் காலமானால் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கொடுக்கிறோம். கார்பன் வைத்து எழுதும் ரசீதுப் புத்தகத்தை அந்த வருஷம்தான் நிறுத்தினோம். அதற்குப் பதில் கம்ப்யூட்டர். பெயரைத் தட்டி, பொத்தானை அமுக்கினால், பஸ் டிக்கெட் மாதிரி ஒரு சிறு சீட்டு அச்சாகி வரும்: "பெற்றுக்கொண்டோம், நன்றி." வரிசை சீக்கிரம் நகர்ந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கும்தான்.

காலையிலிருந்து மழை. 11 மணிக்குப் பொருளாளர் கணக்கை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வைத்தார். 1.20-க்குக் கரண்ட் போயிற்று. இன்வர்ட்டர் உடனே எடுத்துக்கொண்டது, மின்விசிறிகூட நிற்கவில்லை. கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து மறுபடி உயிர்பெற்றது. பார்த்தால் கணக்குக் கோப்பு இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அளவு பூஜ்யம். பென் டிரைவில் இருந்த 11 மணி நகலை வைத்துக்கொண்டு மேலே வேலையைத் தொடர்ந்தார்கள். அந்த இரண்டு மணி இருபது நிமிஷத்தில் வந்த 31 பேரின் கணக்கு போயே போய்விட்டது. 31 பேர் கையிலும் சீட்டு இருந்தது.

போனில் பணம் அனுப்பிய 18 பேரை வங்கிக் கணக்கைப் பார்த்து அன்று மாலையே கண்டுபிடித்தோம். ரொக்கம் கொடுத்தவர்கள் 13 பேர் என்பதும் பெட்டியை எண்ணியதில் தெரிந்தது. 7,800 ரூபாய் அதிகமாக இருந்தது. வாட்ஸப் குழுவில் செய்தி போட்டோம், சீட்டைக் கொண்டுவந்து காட்டும்படி. எட்டுப் பேர் வந்தார்கள். மற்றவர்களும் வருவார்கள் என்று விட்டுவிட்டோம். அங்கேதான் தவறு தொடங்கியது.

செப்டம்பரில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் காலமானார். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். வாட்ஸப் என்றால் என்னவென்றே தெரியாத தம்பதி. கணக்கில் அவர் பெயருக்கு எதிரே "செலுத்தவில்லை" என்று இருந்தது. விதிப்படி நிதி கிடையாது. அந்த அம்மாள் "கட்டினாரே" என்கிறார். கம்ப்யூட்டர் "இல்லை" என்கிறது. மூன்று வாரம் செயற்குழு பேசியது. விசாரிக்க நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"தம்பி, மழையிலே நனைஞ்சுக்கிட்டுப் போய்க் கட்டிட்டு வந்தார். வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, 'இந்த வருஷம் கவலை விட்டுச்சு'ன்னு சொன்னார். அவர் பொய்யா சொல்லியிருப்பார்?"

"அக்கா, அப்படி யாரும் சொல்லவில்லை."

"சொல்லாமத்தான் மூணு வாரமா யோசிக்கிறீங்களா?"

பதில் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. பூஜை அலமாரியில் பஞ்சாங்கத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் அந்தச் சீட்டைக் கடைசியில் அவரே தேடி எடுத்தார். சூட்டில் எழுத்துத் தோன்றும் காகிதம் அது. விளக்கின் அருகேயும் பிளாஸ்டிக்கிலும் இருந்து பாதி வெளுத்துவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து எண்ணைப் படித்தேன். அடுத்த வாரம் பணம் கொடுத்துவிட்டோம். கொடுத்தோம் என்பதில் பெருமைப்பட எனக்கு மனசு வரவில்லை. அந்தச் சீட்டு இன்னும் ஒரு மாதம் அங்கேயே இருந்திருந்தால் வெற்றுக் காகிதம்தான்.

இனி என் பங்கு. அந்த இன்வர்ட்டரைத் தேர்ந்தெடுத்தவன் நான். "இது போதும், நான் பொறுப்பு" என்று செயற்குழுவில் சொன்னவனும் நான். இந்த இன்வர்ட்டர்களின் பின்புறம் ஒரு சிறு விசை இருக்கும். ஒரு பக்கம் வைத்தால் விளக்கு, மின்விசிறிக்கு. இன்னொரு பக்கம் வைத்தால் கம்ப்யூட்டருக்கு. முதல் நிலையில் மாற்றிக்கொள்ள அது எடுத்துக்கொள்ளும் நேரம் கொஞ்சம் கூடுதல். மின்விசிறிக்கு அது தெரியாது, தன் வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை, உள்ளே வரும் மின்சாரம் நின்ற பிறகு ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் தாங்கினாலே பெரிது. விசை விளக்குப் பக்கம் இருந்தது. நான் பார்க்கவில்லை. 1981-ல் சேர்ந்து 2019-ல் ஓய்வு பெறும்வரை 38 வருஷம் ரயில்வே சிக்னல் பேட்டரிகளோடு குடித்தனம் நடத்தியவன், சங்கத்தின் ஒற்றை இன்வர்ட்டரின் முதுகைத் திருப்பிப் பார்க்கவில்லை.

இதைக் கேட்டதும் "அப்படியானால் விசைதானே குற்றம்? நல்ல யு.பி.எஸ். வாங்கினால் தீர்ந்தது" என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு ப்ரோக்ராம் எழுதிய பையனோடு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தேன். நம் உறுப்பினரின் மகன், கல்லூரியில் படிக்கிறவன், காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தவன். அவனை யாரும் குறை சொல்லக்கூடாது. "அங்கிள், ஸேவ் என்று சொல்லிவிட்டுத்தான் பிரிண்ட் பண்ணச் சொல்லியிருக்கேன்" என்று வரியைக் காட்டினான். உண்மைதான். எழுது என்று சொல்லியிருந்தான். எழுதியாயிற்றா என்று கேட்கவில்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாம் ஸேவ் பொத்தானை அமுக்கினதும் விஷயம் நேரே வட்டுக்குப் போய்விடுகிறது என்று நினைக்கிறோம். போவதில்லை. வட்டு மெதுவானது, அதற்காகக் காத்திருந்தால் எல்லாம் மெதுவாகும். ஆகவே கம்ப்யூட்டரை நடத்தும் மூல மென்பொருள் "சரி, எழுதிவிடுகிறேன்" என்று வாங்கித் தன் ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறது. சில விநாடி கழித்து, சில சமயம் அரை நிமிஷம் கழித்து, மொத்தமாகக் கொண்டுபோய் இறக்குகிறது. அந்த ஞாபகம் கரண்ட் உள்ளவரைதான். அதற்கும் கீழே, வட்டுக்கே தனியாக ஒரு சின்ன ஞாபகம் உண்டு. அதுவும் "ஆயிற்று" என்று சொல்லிவிட்டுப் பிறகு எழுதும். சமையல்காரரிடம் சொன்னால் அவர் உதவியாளிடம் சொல்கிறார், உதவியாள் தலையாட்டுகிறான், பந்தியில் உட்கார்ந்தவருக்குப் "பாயசம் வருகிறது" என்று பதில் போகிறது. அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை. கேட்டு உறுதி செய்துகொள்ள ஒரு கட்டளை இருக்கிறது. அதைக் கேட்டால், இறக்கி முடிந்த பிறகுதான் பதில் வரும். அதுவரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் செலவு.

நம் ப்ரோக்ராமில் இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு தடவையும் பழைய கோப்பைக் காலி செய்துவிட்டு முழுக் கணக்கையும் புதிதாக எழுதியது. காலி செய்தது வட்டில் இறங்கிவிட்டது. புதிதாக எழுதியது இறங்குவதற்குள் கரண்ட் போயிற்று. ஒருவர் கணக்குப் போவதற்குப் பதில் அதற்கு முன்பு வந்த எல்லோருடைய கணக்கும் சேர்ந்து போனதற்கு இதுதான் காரணம். பழைய வேட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டுத் துணிக்கடைக்குப் போகிற புத்திசாலித்தனம்.

என் தகப்பனார் விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். மண்டியில் சிட்டை என்று ஒன்று, பேரேடு என்று ஒன்று. சிட்டையில் பிள்ளையார் சுழி போட்டு, நடந்தது நடந்த வரிசையில் எழுதிக்கொண்டே போவார். இன்னாரிடமிருந்து இவ்வளவு வரவு, இன்னாருக்கு இத்தனை மூட்டை. அடித்தல் திருத்தல் கிடையாது. தப்பாக எழுதினால் கீழே இன்னொரு வரி போட்டு நேர் செய்வார். பேரேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். சிட்டையைப் பார்த்துச் சாயங்காலம் விளக்கு வைத்தபின் பேரேட்டில் ஏற்றுவார். பாதி ஏற்றும்போது விளக்கு அணைந்தால்கூட ஒன்றும் போகாது. நாளைக்குச் சிட்டையைப் பார்த்து மீதியை ஏற்றலாம். சிட்டையில் மை காயுமுன் முதலாளியே வந்து கேட்டாலும் கைச்சீட்டுக் கொடுக்க மாட்டார். "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா" என்று ஒரு பழமொழி உண்டு. அதைச் சொல்லிக் கேட்டதில்லை நான். அவர் செய்து பார்த்திருக்கிறேன்.

கம்ப்யூட்டர் உலகத்தில் வங்கிக் கணக்கு மாதிரியான பெரிய தகவல் தொகுப்புகளை நடத்துகிறவர்கள் செய்வதும் இதே சிட்டை, பேரேடுதான் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு நடப்புப் பதிவில் வரிசையாக எழுதி, அது வட்டில் இறங்கியதை உறுதி செய்துகொண்டு, அதன்பின்தான் "கமிட்" என்று சொல்கிறார்கள். வாக்குக் கொடுத்தாயிற்று என்று பொருள். அசல் கணக்கில் ஏற்றுவது பிறகு சாவகாசமாக நடக்கும். நடுவில் கரண்ட் போனால், திரும்ப வந்ததும் பதிவைப் படித்து, வாக்குக் கொடுத்ததை மறுபடி ஏற்றுவது, வாக்குக் கொடுக்காமல் பாதியில் நின்றதை நீக்குவது. இந்த மீட்பு முறையை ஒழுங்காக வகுத்துச் சொன்ன கட்டுரைகளில் முதன்மையானது 1992-ல் வெளிவந்த "ஏரீஸ்" என்பது. அதை எழுதியவர்களில் முதல் பெயர் சி. மோகன், சென்னை ஐ.ஐ.டி.யில் 1977-ல் பட்டம் பெற்று, ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். படித்தது ரசாயனப் பொறியியல் என்பது கூடுதல் வேடிக்கை. உலகத்தில் எத்தனையோ வங்கிக் கணக்குகள் இருட்டில் தொலையாமல் இருப்பதற்குச் சென்னையில் படித்த ஒருவருக்கும் பங்கு உண்டு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

அன்று அந்த 18 பேரின் பணத்தை நாம் வங்கிக் கணக்கில் கண்டுபிடிக்க முடிந்தது இதனால்தான். அங்கேயும் தகராறு வருவதுண்டு, யார் இல்லை என்றது? ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்து அவஸ்தைப்பட்டவர்கள் நம்மில் பலர். ஆனால் அங்கே இரண்டு பக்கமும் ஏடு இருப்பதால் ஒத்துப் பார்க்க முடிகிறது. ஐந்து நாளுக்குள் திருப்பித் தராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2019-ல் ரிசர்வ் வங்கி விதி போட முடிந்ததும் அந்த ஏட்டை நம்பித்தான்.

இதையெல்லாம் நான் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டது ஓய்வுக்குப் பிறகு. ஆனால் விஷயம் எனக்குப் புதிதல்ல. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒற்றைப் பாதைக் கிளை ஒன்றில் ஒரு சின்ன ஸ்டேஷன். பேட்டரி அறையில் அமில அடர்த்தி பார்க்கப் போயிருந்தேன். இரவு தங்கல். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் மராட்டியர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தவர். பக்கத்து ஸ்டேஷனிலிருந்து போனில் லைன் கிளியர் கேட்கிறார்கள். இவர் பேனாவை எடுத்துப் பதிவேட்டில் நேரத்தை எழுதினார், பிரைவேட் நம்பர் தாளில் அடுத்த எண்ணை அடித்தார், அதையும் ஏட்டில் எழுதினார். அதற்குப் பிறகுதான் வாய் திறந்து எண்ணைச் சொன்னார். எதிர்முனையில் அவசரப்படுத்துகிறார்கள், கத்துவது எனக்கே கேட்கிறது. இவர் எழுதி முடிக்கும்வரை பேசவில்லை. ஏன் இப்படி என்று கேட்டதற்கு "பெஹ்லே லிகோ, ஃபிர் போலோ" என்றார். முதலில் எழுது, பிறகு சொல்.

பிரைவேட் நம்பர் என்பது ரயில்வேக்காரர்களின் வாக்கு. ஒரு தடவை சொன்ன எண்ணை அடித்துவிட வேண்டும், மறுபடி பயன்படுத்தக் கூடாது. அதைச் சொல்லிவிட்டால் அந்தப் பக்கத்து ஆள் அதை நம்பி ஒரு ரயிலை அனுப்புகிறார், ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டு வருகிறார்கள். சொன்ன பிறகு எழுதலாம் என்று இருந்து, நடுவில் விளக்கு அணைந்து, கவனம் சிதறி, அடுத்த போன் வந்தால்? வாக்கு வெளியே போய்விட்டது, இங்கே ஏட்டில் இல்லை. முன்னே எழுதிவிட்டுச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? ஒரு ரயில் பத்து நிமிஷம் தாமதம். இரண்டு தவறும் தவறுதான், ஆனால் சமமான தவறு அல்ல. விபத்து ஏதும் நடந்தால் முதலில் கைப்பற்றி முத்திரை வைப்பது அந்த ஏட்டைத்தான் என்பது ரயில்வேக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தக் காலத்து ஒற்றைப் பாதைகளில் நீல் பந்து டோக்கன் கருவி என்று ஒன்று உண்டு. இரண்டு ஸ்டேஷனிலும் சிவப்புப் பெட்டி, உள்ளே இரும்புப் பந்துகள். இரண்டு பேரும் ஒத்துழைத்தால்தான் ஒரு பந்து வெளியே வரும். அது ஓட்டுநர் கையில். அது மறுபடி ஏதாவது ஒரு பெட்டிக்குள் போகும்வரை அடுத்த பந்து வராது. கரண்ட் போனால்? பந்து வெளியே இருக்கிறது என்ற உண்மையைக் கரண்ட் அழிக்க முடியாது. கனமான பந்து ஓட்டுநர் கையில் இருக்கிறது. புதிதாக ஒன்றும் வெளியே எடுக்க முடியாது, அவ்வளவுதான். ஞாபகத்தை மின்சாரத்தில் வைக்காமல் இரும்பில் வைத்த பெரியவர்களை நினைத்து நான் பல தடவை வியந்திருக்கிறேன்.

பிற்பாடு வந்த ஆக்ஸில் கவுண்டர் வேறு விதம். ஒரு பகுதிக்குள் எத்தனை அச்சு நுழைந்தது, எத்தனை வெளியேறியது என்று எண்ணும் கருவி. இரண்டும் சமமானால் பாதை காலி. மின்சாரம் அறவே போய்த் திரும்ப வந்தால் அதற்கு எண்ணிக்கை மறந்திருக்கும். மறந்துவிட்டது என்று தெரிந்ததும் அது என்ன செய்யும் தெரியுமா? "காலி" என்று சொல்லாது. "ரயில் இருக்கிறது" என்றே காட்டும். ஆட்கள் போய்ப் பார்த்து, பாதை காலிதான் என்று உறுதி செய்து, ஏட்டில் எழுதி, சாவி போட்டு, அதன்பின் ஒரு ரயிலை எச்சரிக்கையோடு அனுப்பி அச்சுகள் சரியாக எண்ணப்பட்ட பிறகுதான் வழக்கத்துக்கு வரும். தொல்லை பிடித்த வேலை. எத்தனை ராத்திரி தூக்கம் போயிருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியாது என்பதை "ஒன்றுமில்லை" என்று அது ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

நம் கம்ப்யூட்டர் அன்று செய்தது அதற்கு நேர் எதிர். அதற்குத் தெரியாமல் போயிற்று. "செலுத்தவில்லை" என்று சொன்னது. நாமும் அதை நம்பி ஒரு வீட்டில் மூன்று வாரம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தோம்.

யு.பி.எஸ்.காரர்களுக்கு என் பதில் இதுதான். மின்மயமான பாதைகளில் எங்கள் சிக்னலுக்கு மேலே ஓடும் கம்பியிலிருந்து இரண்டு வழி, ஊர் மின்சாரம் ஒரு வழி, டீசல் ஜெனரேட்டர் ஒரு வழி, அதற்கும் கீழே 110 வோல்ட்டுக்கு 55 செல் பேட்டரி. இத்தனையும் இருந்தும், எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டது என்று வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு சர்க்யூட்டையும் வரைவோம். ரிலே தன் எடையிலேயே கீழே விழுந்து சிக்னலைச் சிவப்புக்குக் கொண்டுபோகும். விளக்கே எரியாத சிக்னலையும் ஓட்டுநர் நிற்கச் சொன்னதாகவே கொள்ள வேண்டும். மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்வது ஒரு வேலை. போனால் என்ன ஆகும் என்று யோசிப்பது வேறு வேலை. முதலாவதை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இரண்டாவது மிச்சம் இருக்கும்.

இப்போதெல்லாம் கரண்ட் எங்கே போகிறது என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. 2012 ஜூலை 30, 31 இரண்டு நாளும் நினைவிருக்கிறதா? முதல் நாள் வடக்கு மண்டலம், மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து இருண்டன. அறுபது கோடிக்கு மேற்பட்ட மக்கள். ரயில்கள் நின்ற இடத்தில் நின்றன. மேற்கு மண்டலத்தில் இருக்கும் நாம் தப்பினோம். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். யாராவது காலால் ஒயரைத் தட்டிவிட்டாலும் கம்ப்யூட்டருக்கு அதுவும் மின்வெட்டுதான். யு.பி.எஸ். பேட்டரிக்கு மூன்று நான்கு வருஷம் ஆயுள். நான்காம் வருஷம் பொருளாளர் மாறியிருப்பார், பேட்டரியை யார் நினைப்பார்கள்?

எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி வைத்துவிடலாம் என்பது இளைஞர்கள் யோசனை. நல்ல யோசனை, நகல் வேறு ஊரில் இருக்கும். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்த பிறகு சீட்டுக் கொடுக்கிறோமா, அனுப்பியதுமே கொடுக்கிறோமா? கேள்வி அப்படியே இருக்கிறது, இடம்தான் மாறுகிறது. பெரிய ஆட்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் என்று உலகெங்கும் பயன்படும் தகவல் தொகுப்பு மென்பொருள் இருக்கிறது. வட்டில் எழுதும்போது பிழை என்று ஒருமுறை பதில் வந்தால் அது மறுபடி கேட்கும். இரண்டாம் முறை லினக்ஸ் "ஆயிற்று" என்று சொல்லிவிடும், ஆனால் உண்மையில் எழுதியிருக்காது. இருபது வருஷம் போல இப்படி நம்பிக்கொண்டிருந்தது 2018-ல்தான் வெளிப்பட்டது. 2019-ல் திருத்தினார்கள், எப்படி என்றால், முதல் முறை பிழை வந்ததுமே நிறுத்திவிட்டு, நடப்புப் பதிவிலிருந்து மறுபடி தொடங்குவது. அதாவது சிட்டைக்குத் திரும்புவது.

என் யோசனைகள் பெரிதாக ஒன்றுமில்லை. பையன் ஏற்கெனவே ப்ரோக்ராமை மாற்றிவிட்டான். இப்போது எஸ்.க்யூ.லைட் என்ற இலவச மென்பொருளில் கணக்கு இருக்கிறது. நம் எல்லோருடைய போனிலும் இருப்பதுதான். கரண்ட் போவது போல நடிக்கவைத்து ஆயிரக்கணக்கில் சோதித்துப் பார்த்து வெளியிடுகிறார்கள். எழுதி இறங்கியது என்று பதில் வந்த பிறகே அச்சு இயந்திரத்துக்குச் செய்தி போகும். ஒவ்வொரு சீட்டுக்கும் அரை விநாடிகூடக் கூடுதல் ஆகவில்லை.

ரசீதுப் புத்தகம் திரும்ப வர வேண்டும் என்பது என் இரண்டாவது கோரிக்கை. இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். "1990-க்குத் திரும்பிப் போகிறோமா அங்கிள்?" என்றார் செயலாளர். எண் அச்சிட்ட புத்தகம், கார்பன், நீல மை. ரயில்வே முன்பதிவைக் கம்ப்யூட்டரில் 1985-ல் டெல்லியில் தொடங்கினார்கள். அதன் பிறகும் டிக்கெட் அச்சாகும் தாளில் முன்பே எண் அச்சிட்டு, ஒவ்வொரு தாளுக்கும் கவுண்டர்க்காரரைக் கணக்குச் சொல்ல வைத்தார்கள். அவர்கள் என்ன பிற்போக்கா? ரொக்கம் கொடுக்கிறவருக்கு மட்டுமாவது கை ரசீது கொடுங்கள் என்கிறேன். போனில் அனுப்புகிறவருக்கு வங்கி ஏடு இருக்கிறது. ரொக்கம் கொடுக்கிறவர் பெரும்பாலும் வயதானவர், அவருக்கு நம் ஏட்டை விட்டால் வேறு ஏடு இல்லை.

மூன்றாவது, விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். கணக்குத் தொலைந்த நாள் என்று தெரிந்த நாளில் ஒருவர் பெயர் இல்லாவிட்டால், "செலுத்தவில்லை" என்று எழுதக்கூடாது; "தெரியவில்லை" என்று எழுத வேண்டும். நிரூபிக்கும் சுமை சங்கத்தின் மேல் இருக்கட்டும், வீட்டுக்காரர் மேல் வேண்டாம். ஆளுக்கு ஆள் "நானும் கட்டினேன்" என்று வருவார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். வரட்டும். பெட்டியில் இருந்த பணத்தை மீறி யாரும் வர முடியாது.

நாலாவது சோதனை. எங்கள் வேலையில் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று எழுதிவைத்தால் போதாது. மெயின் சுவிட்சை அணைத்து, சிக்னல் எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அதே மாதிரி சந்தா நாளுக்கு முந்தைய வாரம், பொய்க் கணக்குகளாக இருபது போட்டு, இருபத்தொன்றாவதைப் போடும்போது நானே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குகிறேன். யு.பி.எஸ்.ஸையும் சேர்த்து. கையில் எத்தனை சீட்டு, கணக்கில் எத்தனை பெயர் என்று பார்ப்போம். சீட்டு கூடுதலாக இருந்தால் அந்த வருஷம் கம்ப்யூட்டர் வேண்டாம்.

கடைசியாக அந்தக் கவர். நான்கு பேரின் பணம் அதில் இருக்கிறது. நான் கட்டினேன் என்று சொல்பவர்கள் ஆறு பேர். இந்த ஆறு பேரையும் எனக்கு இருபது வருஷமாகத் தெரியும், ஒருவரும் 600 ரூபாய்க்குப் பொய் சொல்பவர் அல்லர். இருவர் முந்தைய வருஷத்து நினைவைச் சொல்கிறார்களோ என்னவோ. ஆனால் கோயில் உற்சவத்தில் இரண்டு குடும்பங்கள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை, நானே பார்த்தேன். ஆறு பேரையும் செலுத்தியவர்களாகவே எழுதிவிட வேண்டும் என்பது என் கருத்து. குறையும் 1,200 ரூபாயை இன்வர்ட்டர் வாங்கிய நான் கட்டிவிடுகிறேன். செயற்குழு இன்னும் முடிவு சொல்லவில்லை.

2024 ஜூலை 14 காலை 11 மணியிலிருந்து 1.20-க்குள் ரொக்கம் கட்டி, இன்னும் சீட்டைக் காட்டாதவர்கள், பஞ்சாங்கம், ரேஷன் கார்டு உறை, எல்.ஐ.சி. பாலிசிக் கட்டு, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். எழுத்து வெளுத்திருந்தாலும் பரவாயில்லை, தூக்கிப் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் அலுவலகத்தில் இருப்பேன். பூதக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது.